புள்ளிக்குப் பின் வரும் எண்கள்

பால் நிறுக்கும் கொட்டகையில் இருவர் பெற்ற சீட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 24.5 கிலோ என்றும், மற்றொன்றில் 24.35 கிலோ என்றும் எழுதப்பட்டுள்ளது. எது அதிகம்? 35 என்பது 5-ஐவிடப் பெரிதாயிற்றே என்று இரண்டாவது சீட்டைக் காட்டுவோர் நம்மிடையே உண்டு. உண்மையில் முதற் சீட்டுக்கு உரியவரே 150 கிராம் அதிகமாகக் கொண்டுவந்திருக்கிறார்.

இதனை வெறும் அறியாமை என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. முன்னாளில் இராத்தலும் அவுன்சும் வழங்கின. 16 அவுன்சு சேர்ந்தது ஓர் இராத்தல். கடைத்தெருவில் வழங்கிய காத்தியும் 16 தாஹில் கொண்டதே. அக்கணக்கில் 1 இராத்தல் 12 அவுன்சு என்பது 1 இராத்தல் 5 அவுன்சைவிடக் கூடுதல்தான். 1972-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்தை அடுத்து நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. தராசு மாறினாலும் பழைய வாசிப்பு முறை எளிதில் மாறுவதில்லை, 1.12 கிலோவை 1.5 கிலோவைவிடப் பெரிதெனக் கொள்ளச் செய்வது அதுவே.

பணக்கணக்கும் இம்மயக்கத்திற்குத் துணைபோகிறது. 5.50 என்பதை ஐந்து வெள்ளி ஐம்பது காசு என்று படிக்கிறோம். காசுக்கு எப்போதும் இரண்டு இடங்கள் எழுதப்படுவதால் அங்கே தவறு நேர்வதில்லை. எடையிலோ ஒருவர் ஓர் இடமும் மற்றொருவர் இரண்டு இடமும் எழுதுகின்றனர்.

கிலோவில் புள்ளியை அடுத்த முதல் இடம் நூறு கிராம்களையும், இரண்டாம் இடம் பத்துக் கிராம்களையும், மூன்றாம் இடம் ஒற்றைக் கிராம்களையும் குறிக்கும். ஆகவே மூன்று இடங்கள் நிரம்பும்வரை கடைசியில் பூச்சியம் சேர்த்துப் பார்த்தால் போதும். 24.5 என்பது 24.500, 24.35 என்பது 24.350. இனி 500-ஐயும் 350-ஐயும் ஒப்பிடுவதில் யாருக்குத் தடுமாற்றம்? புள்ளிக்கு முன்னுள்ள எண்கள் வேறுபட்டால் இவ்வளவும் தேவையில்லை. 9.875-ஐவிட 10.1 பெரிது.

கடைசியில் சேர்க்கும் பூச்சியம் மதிப்பை மாற்றாது. இடையில் வரும் பூச்சியம் அவ்வாறன்று. 24.05 என்பது 24 கிலோ 50 கிராம் மட்டுமே; 24.5-க்கு 450 கிராம் குறைவு. பாலில் நீரும் கலந்திருப்பதால், நூற்றுக்கு எவ்வளவு உலர்ந்த ரப்பர் என்று கணக்கிடும் இடத்திலும் இப்பூச்சியம் கவனிக்கத்தக்கது. 40 கிலோ பாலுக்கு 30.5 விழுக்காடு எனில் உலர்ந்த ரப்பர் 12.2 கிலோ, 30.05 எனில் 12.02 கிலோ. ஒரு நாளில் 180 கிராம் வேறுபாடு. 25 நாள் வேலையில் அது நாலரைக் கிலோவாகிறது. சீட்டில் ஐயம் தோன்றினால் அன்றே கிராணியிடம் கேட்டுத் தெளிவது நன்று. மாத இறுதியில் கேட்டால் எடுத்துக்காட்டப் பால் இராது.

மிகைநேரக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். 1.5 மணி நேரம் என்பது ஒன்றரை மணி. ஒரு மணி ஐம்பது நிமிடம் அன்று. 1.25 மணி நேரம் என்றால் ஒரு மணி பதினைந்து நிமிடமே. கடிகாரம் பார்த்து 1.30 என்று எழுதும் வழக்கமும் உண்டாதலால், சீட்டில் இருப்பது எம்முறை என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.