நாற்காலி மாறியது, கையெழுத்து?

1996 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில், தமிழ்நாட்டு ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும் தந்த ஏற்பாடு அது. தங்கள் ஊர் மகளிர் ஊராட்சி ஆகிவிட்டது என்று தெரிந்ததும் பல ஊர்ப் பெரியதனக்காரர்கள் வீட்டுக்குள்ளேயே ஆள் தேடினார்கள். மனைவி அல்லது மருமகள் பெயரில் வேட்புமனு. சுவரொட்டியில் கும்பிட்ட கையோடு அந்த அம்மா, பக்கத்தில் வீட்டுக்காரர். ஜெயித்த பிறகு ஒன்றிய அலுவலகக் கூட்டத்துக்குப் போனவரும் வீட்டுக்காரரே. அம்மாவிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

சொன்னபடி கேட்காத பெண்களும் இருந்தார்கள். மதுரை வில்லாபுரத்தில் குடிநீருக்காகப் போராடிய மாநகராட்சி உறுப்பினர் லீலாவதி 1997 ஏப்ரலில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஊரப்பாக்கம் ஊராட்சித் தலைவர் மேனகா 2001-இல் தன் அலுவலகத்திலேயே கொல்லப்பட்டார். தாழையூத்துத் தலைவர் கிருஷ்ணவேணி 2011-இல் வெட்டுக்காயங்களோடு உயிர் தப்பினார். பின்னவர் இருவரும் தலித் பெண்கள். பெண் என்பதோடு சாதியும் சேர்ந்தால் எதிர்ப்பு இரண்டு மடங்கல்ல, வேறு ரகம்.

இன்று ஒதுக்கீடு பாதி. 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2019 டிசம்பர் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. கல்லூரி முடித்த இளம்பெண்கள் தாங்களாகவே முன்வந்து நின்றார்கள். கிராம சபையில் மைக் பிடித்து வரவு செலவு வாசிக்கும் பெண்ணை ஊர் இப்போது வேடிக்கை பார்ப்பதில்லை. இதை நான் சின்ன மாற்றமாக நினைக்கவில்லை.

ஆனால் சண்டை நாற்காலியிலிருந்து கையெழுத்துக்கு இடம் மாறியிருக்கிறது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. தலைவர் நாற்காலியை விட்டுக்கொடுக்க நேர்ந்த ஊர்ப் புள்ளிகள் வார்டு உறுப்பினர்களைச் சரிக்கட்டித் துணைத் தலைவர் ஆனார்கள். தலைவரம்மா துணைத் தலைவர் பேச்சை மீறினால் செக் கையெழுத்தாகாது. துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் நிற்கும்; பழுதான மோட்டார் பழுதாகவே கிடக்கும். குடத்தோடு வரும் ஜனங்கள் திட்டுவது துணைத் தலைவரை அல்ல. 'பொம்பளைக்கு நிர்வாகம் தெரியாது' என்ற பேச்சு பல ஊர்களில் இப்படித்தான் கிளப்பிவிடப்படுகிறது. செக் போய் ஆன்லைன் வந்த பிறகும், ஓடிபி வரும் செல்போன் யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நாற்காலிச் சண்டையும் முழுக்க ஓய்ந்துவிடவில்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். படம் வெளியே வந்த பிறகுதான் வழக்கு. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் அமிர்தம் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற முடியாமல் போனது. சில நாள் கழித்து ஆட்சியர் வந்து நின்றபின் ஏற்றினார்.

அப்படியானால் ஒதுக்கீட்டால் பயனில்லையா? மேற்கு வங்கத்தில் எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே தலைவர் உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து கிராமத்தாருக்குப் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில், பெண் குரலுக்கு ஆண்கள் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். ஒதுக்கீட்டில் பெண் தலைவர் இருந்த ஊர்களில் அந்த ஓரவஞ்சனை பெரும்பாலும் மறைந்திருந்தது. இரண்டு முறை ஒதுக்கீடு கண்ட இடங்களில், பிறகு ஒதுக்கீடு இல்லாத இடத்திலும் பெண்கள் கூடுதலாக ஜெயித்தார்கள். பழகினால் பார்வை மாறும். பழக வருஷங்கள் வேண்டும்.

அந்தத் தொடர்ச்சி நமக்குக் கிடைப்பதில்லை. 2016 முதல் 2019 வரை தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நடத்தினார்கள். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள்தான். வேலை பழகிய பெண்கள் வீட்டுக்குப் போனார்கள்.

ஊராட்சியில் பாதி இடம் தந்ததைக் கட்சிகள் மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கின்றன. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் அவை எவ்வளவு தருகின்றன என்பதற்குக் கணக்கு இருக்கிறது: 2021 சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்த 234 பேரில் பெண்கள் 12.