ஆய்வேடும் பிடிஎஃப் எழுத்துருவும்

தட்டச்சு செய்த ஆவணத்தின் பிடிஎஃப் கோப்பில் பக்கம் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. எந்த எழுத்துருவிலிருந்து எந்த வடிவத்தை எடுத்து எங்கே வைப்பது என்ற கட்டளைகளே அதில் உள்ளன. எழுத்துருவும் கோப்புக்குள் பொதியப்பட்டிருந்தால் எந்தக் கணினியிலும் பக்கம் ஒன்றுபோலத் தெரியும். இல்லையென்றால், திறக்கும் கணினி கையில் கிடைத்த வேறொன்றைப் போட்டு நிரப்பும். பாமினியில் தட்டச்சு செய்த ஆய்வேடு இதில்தான் அதிகம் அடிபடுகிறது. ரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. பொதியாமல் விட்டால் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும்.

வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யும்போது பிடிஎஃப்/ஏ என்ற தெரிவு உண்டு. ஆவணக் காப்பகங்களுக்காக 2005இல் வந்த ஐஎஸ்ஓ தரம் இது. எல்லா எழுத்துருக்களையும் பொதிவது இதில் கட்டாயம். ஆய்வேட்டுக்கு இதுவே உகந்தது. அச்சிடும் கட்டளை வழியாகப் பிடிஎஃப் எடுப்பவர்கள் பலர்; அப்படி எடுத்தால் இயல்தலைப்புகளின் பக்கக்குறிகளும் இணைப்புகளும் பெரும்பாலும் போய்விடும்.

உரை சரியாக இருந்தும் வரைபடங்கள் காலை வாரலாம். ஆர் மென்பொருள் இயல்பாகத் தரும் பிடிஎஃப் வரைபடத்தில் ஹெல்வெட்டிகாவின் பெயர் மட்டுமே இருக்கும், எழுத்துரு இருக்காது. அந்தப் படம் முந்நூறு பக்கங்களுக்கு நடுவே ஒளிந்திருந்தாலும் கோப்பு பிடிஎஃப்/ஏ சோதனையில் தேறாது. அக்ரோபாட் ரீடரில் கோப்பின் பண்புகளைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பார்த்தால் விடுபட்டது எதுவென்று தெரிந்துவிடும்.

தமிழுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் அதையடுத்த ஒகரக் குறியும். திரையில் வரையும்போது கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாகிறது. பிடிஎஃப் இந்த வரைவு வரிசையையே வைத்துக்கொள்வதால், ‘கொடி’யை நகலெடுத்தால் கொம்பு முன்னால் வந்து விழலாம், தேடினால் சொல்லே அகப்படாமல் போகலாம். சோத்கங்கா போன்ற களஞ்சியங்களில் ஆய்வேடுகளைத் தேடித்தான் எடுக்கிறார்கள் என்பதால் இது சின்னக் குறையன்று. வரைந்த துண்டுகளுக்கு அடியில் மூல எழுத்தையும் குறித்துவைக்கப் பிடிஎஃப்பில் வழி இருக்கிறது. ஆனால் எல்லா மென்பொருள்களும் அதைச் செய்வதில்லை. ‘கொ’, ‘கோ’, ‘கை’ போன்ற எழுத்துகள் வரும் பத்தி ஒன்றை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் நிலைமை விளங்கும். அச்சுப்பிரதியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.