மண்டபம் முன்னால், மேடை பின்னால்

சென்னை வர்த்தக மையம் நந்தம்பாக்கத்தில், மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் இருக்கிறது. 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் அங்கு நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அந்த இரண்டு நாட்களுக்கு அழைப்பு விடுக்க முதல்வர் சிங்கப்பூருக்கும் ஜப்பானுக்கும் போனது 2023 மே மாதத்தில். மேடை போடச் சில நாட்கள் போதும். ஒரு நிறுவனத் தலைவரின் தேதி கிடைக்கவும், முதலீட்டுக்கு அவருடைய இயக்குநர் குழு தலையசைக்கவும் மாதங்கள் ஆகும். ஆகவே எவ்வளவு முன்னதாகத் தொடங்குவது என்பதைக் கூட்டத்தின் அளவு தீர்மானிப்பதில்லை. நம் கையில் இல்லாத முடிவுகளில் எது கடைசியாக வருமோ, அதுவே தீர்மானிக்கிறது.

பூந்தமல்லியில் ஒரு சிறுதொழில் நிறுவனம் இருநூறு டீலர்களைக் கூட்டுவதென்றால், அந்த முடிவு பெரும்பாலும் மண்டபம்தான். போட்டிக்கு நிற்பவர்கள் கல்யாண வீட்டார். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்கள் பல மாதங்களுக்கு முன்பே போய்விடும். கல்யாணம் இல்லாத மாதங்கள் ஆடியும் மார்கழியும். ஆனால் டிசம்பரை நம்ப முடியாது. 2023 மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. மார்ச்சில் எல்லோரும் ஆண்டுக் கணக்கில் மூழ்கியிருப்பார்கள். ஆகவே ஆடியில் என்றால் மூன்று மாதம், முகூர்த்த மாதம் என்றால் ஆறு மாதம், விசா வாங்கி வரவேண்டிய விருந்தினர் இருந்தால் எட்டு மாதம் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு.

‘செஸ் ஒலிம்பியாடையே நாலரை மாதத்தில் நடத்தவில்லையா?’ என்று கேட்கலாம். 2022 மார்ச் நடுவில் சென்னைக்குக் கிடைத்த போட்டி, ஜூலை 28-ல் சென்னையில் நடந்த தொடக்க விழாவுடன் ஆரம்பமானது உண்மைதான். ஆனால் அது மாஸ்கோவில் ஜூலை 26-ல் தொடங்குவதாக இருந்த போட்டி. வீரர்கள் அந்த நாட்களை ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறர் கையிலிருந்த முடிவு முன்பே கனிந்திருந்தது; மிச்சத்தை அரசு இயந்திரம் முடித்தது. அந்தச் சலுகை தனியார் நிறுவனத்துக்குக் கிடைக்காது.

முன்கூட்டியே திட்டமிட்டாலும் தேதி மாறாதா என்பது அடுத்த கேள்வி. மாறும். முதல் முதலீட்டாளர் மாநாடே 2015 மே மாதத்திலிருந்து செப்டம்பர் 9, 10-க்குத் தள்ளிப்போனது. அதனால்தான் எல்லாவற்றையும் முன்பே முடித்துவிடக் கூடாது. மண்டபத்தையும் முக்கிய விருந்தினரையும் முதலில் உறுதி செய்யலாம். அழைப்பிதழ் அச்சு, சாப்பாட்டு எண்ணிக்கை, நிகழ்ச்சி நிரல் மூன்றையும் கடைசி மாதத்துக்கு விடலாம். தேதி மாறினால் முன்பணம் என்னாகும் என்பதை மட்டும், அதைக் கொடுக்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.