பழைய லேண்ட் ரோவருக்கு வீட்டிலேயே மங்கல் சாயம்

கேமரன் மலைக்காரர்களுக்கு லேண்ட் ரோவரை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. ரிங்லெட்டில் தொடங்கி கம்போங் ராஜா வரை எந்தச் செம்மண் பாதையில் திரும்பினாலும், முட்டைக்கோஸ் கூடைகளைச் சுமந்தபடி ஒன்று முனகிக்கொண்டு ஏறுவதைப் பார்க்கலாம். பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதும் பெரும்பாலும் இந்த வண்டிதான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று அதன் ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் வீட்டுக்கு அரிசி வாங்குகிறார்கள்.

அப்படிப்பட்ட வண்டியின் சாயம் வெளிறி, உரிந்து, திட்டுத் திட்டாக நிற்கும்போது மனம் கேட்பதில்லை. பட்டறைக்குக் கொண்டுபோனால் கூலி கையைக் கடிக்கிறது. “மங்கல் சாயம்தானே, பளபளப்பு வேண்டாமே, நாமே பூசிவிடலாம்” என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் மங்கல் சாயம் சுலபமானது என்று நினைப்பதில்தான் முதல் தவறு இருக்கிறது.

முதலில் வண்டியின் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். லேண்ட் ரோவர் முதன்முதலாக 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் வைக்கப்பட்டது. உலகப் போர் முடிந்த காலம். இங்கிலாந்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு, அலுமினியமோ தாராளம். ஆகவே உடம்பை அலுமினியக் கலவையிலும் அடிச்சட்டத்தை இரும்பிலும் செய்தார்கள். நம் மலை ஈரத்தில் இத்தனை ஆண்டு கழித்தும் அவை ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அலுமினியம் துருப்பிடிக்காது. ஆனால் அது இரும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில், ஈரம் புகுந்தால், வெள்ளைப் பொடியாக அரித்துக்கொண்டே போகும். கதவின் கீழ்விளிம்பைத் தடவிப் பாருங்கள், கையில் ஒட்டும்.

சரி, மங்கல் என்றால் என்ன? சாதாரணச் சாயம் காய்ந்ததும் கண்ணாடிபோல் சமமாக இருக்கும். வெளிச்சம் பட்டவுடன் ஒரே பக்கமாகத் திருப்பி அடிக்கும். மங்கல் சாயத்தில் மிக நுண்ணிய சிலிகாத் தூளைக் கலந்திருப்பார்கள். காய்ந்தபின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு கரடாக நிற்பதால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறிவிடும். வெயிலில் மின்னி எதிரிக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் ராணுவ வண்டிகளுக்கு இதைப் பூசினார்கள். நமக்குக் கிடைக்கும் லாபம் வேறு. நெளிந்த தகட்டின் மேடுபள்ளம் மங்கல் சாயத்தில் அவ்வளவாகத் தெரியாது. முப்பது வருடம் கூடை சுமந்த வண்டிக்கு இது பெரிய உதவியல்லவா?

நஷ்டமும் உண்டு. பளபளப்பான சாயத்தில் ஓரிடம் கெட்டுப்போனால் தேய்த்து, பாலிஷ் போட்டுச் சமாளிக்கலாம். மங்கலில் அது நடக்காது. தேய்த்த இடம் பளபளத்து, பூசியவனின் கைவரிசையை ஊருக்கே காட்டும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பெரியப்பாவின் வண்டிக்குப் பூசக் கிளம்பினேன். காலையெல்லாம் தேய்ப்பதில் போய்விட்டது. பகல் இரண்டரை மணிக்குப் பானெட்டுக்கு ரோலரை எடுத்தேன். வெயில் நன்றாகத்தான் அடித்தது. வாசலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, “இப்ப வேணாம்யா, பனி எறங்கிடும்” என்றார். “இல்ல பெரியப்பா, அரைமணியில முடிஞ்சிரும்” என்றேன். முடிந்தது. நாலு மணிக்கு மூடுபனி வந்து வண்டியைப் போர்த்தியது. மறுநாள் காலையில் பார்த்தால் பானெட் முழுக்கத் தேமல் விழுந்த தோல் மாதிரி வெள்ளைத் திட்டுகள். புத்திசாலித்தனமாகப் பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். வெள்ளையோடு பளபளப்பும் சேர்ந்துகொண்டது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாயம் முழுவதையும் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

தவறு சாயத்தில் இல்லை, நேரத்தில் இருந்தது. நாம் இருப்பது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பதுபோல, இரவு முழுவதும் குளிர்ந்த தகட்டில் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். சாயத்திலுள்ள தின்னர் ஆவியாகும்போது தகட்டை இன்னும் குளிர வைக்கும். ஸ்பிரே அடிக்கும் லாக்கர் சாயத்தில் தின்னர் வேகமாகப் பறப்பதால் அது சீக்கிரம் வெளுத்துப் பூத்துவிடும். மங்கல் வேறு, பூத்தது வேறு. இதை மனதில் வையுங்கள்.

ஆகவே ஜனவரி, பிப்ரவரி போன்ற மழை குறைந்த மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். அக்டோபர், நவம்பரில் இந்த வேலையை நினைக்கவே வேண்டாம். காலை பத்து மணிக்குமேல் ஈரத்துணியால் தகட்டில் ஒரு கோடு இழுங்கள். கால்மணி நேரத்துக்குள் அது காய்ந்துவிட்டால் பூசலாம். காயாவிட்டால் ரோலரைக் கீழே வையுங்கள். பகல் ஒரு மணிக்குமேல் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். கூரை இருந்தாலும் பனி பக்கவாட்டில் நுழைந்துவிடும்.

இனித் தயாரிப்பு. இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். காய்கறித் தோட்டத்தில் ஓடிய வண்டி என்றால் செம்மண்ணோடு மருந்துத் தூளும் படிந்திருக்கும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, காயவிடுங்கள். முன்பு போட்ட பாலிஷின் எண்ணெய்ப்பசை மிச்சமிருந்தால் புதுச் சாயம் அங்கே ஒட்டாமல் மீன் கண்போல் குழி விழும்.

பிறகு தேய்ப்பது. இங்கே தாய்மார்களும் கவனியுங்கள். அந்தக் காலத்துச் சாயங்களில் ஈயம் இருந்திருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூள் லயத்து வாசலிலும், கொடியில் காயும் துணியிலும், தரையில் தவழும் குழந்தையின் கையிலும் படியும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே தண்ணீர் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளையே வாங்குங்கள். கடையில் ‘கெர்தாஸ் பாசிர்’ என்று கேட்டால், நனைக்கக்கூடியதா என்றும் கேளுங்கள். கீழே பிளாஸ்டிக் விரித்து, வடியும் சேற்றை அதிலேயே சேர்த்து எடுங்கள். கீரைப் பாத்திப் பக்கமோ கால்வாயிலோ ஊற்ற வேண்டாம். முகத்தில் நல்ல மூடி, வேலை முடிந்ததும் குளியல், உடுப்பைத் தனியாகத் துவைப்பது: இந்த மூன்றையும் விடாதீர்கள்.

பழைய சாயம் கெட்டியாக ஒட்டியிருந்தால் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. 320ஆம் எண் தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்தால் போதும். உரிந்த இடத்தில் அலுமினியம் தெரிந்தால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பயன்படுத்துங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். அதன் துணுக்கு அலுமினியத்தில் பதிந்து, பின்னால் அரிப்புக்கு விதையாகும். வெறும் அலுமினியத்தில் சாதாரணப் பிரைமர் நிற்காது. அதற்கென்றே அமிலம் கலந்த எட்ச் பிரைமர் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். இரும்புப் பகுதிக்குத் துருவை நீக்கியபின் துத்தநாகப் பிரைமர்.

மேல் சாயத்துக்கு மங்கல் எனாமலும் சிறிய ஸ்பஞ்சு ரோலரும் வீட்டு வேலைக்குப் போதும். ஹார்ட்னர் ஊற்றிக் கலக்கும் இரட்டை டப்பாச் சாயத்தை ஸ்பிரே அடிக்க ஆசைப்படாதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற பொருள் ஒருவரை ஆயுள் முழுக்க ஆஸ்துமாக்காரராக்கிவிடும். சாதாரண மூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி உள்ள பட்டறைக்குத்தான் அந்த வேலை.

எத்தனை டப்பா வாங்கினாலும் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். டப்பாவுக்கு டப்பா மங்கல் கொஞ்சம் மாறும். சிலிகாத் தூள் அடியில் தங்கும், ஆகவே கட்டையால் அடிவரை கிளறுங்கள், நடுநடுவேயும் கிளறுங்கள். சாயத்தை இளக்க மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், எண்ணெய்ப்பசை தங்கிக் காயவே காயாது. டப்பாவில் எழுதியுள்ள தின்னரே சரி.

ஒரு தகட்டைத் தொட்டால் விளிம்பு முதல் விளிம்புவரை நிறுத்தாமல் முடியுங்கள். நடுவில் தேநீருக்குப் போய்வந்தால் அந்தக் கோடு என்றைக்கும் நிற்கும். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி ரோலரை ஓட்டாதீர்கள். மெல்லிதாக மூன்று பூச்சு, ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் ஒரு முழு நாள். சமவெளியில் நாலு மணியில் காய்வது நம் குளிரில் அதில் காயாது.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து விறகடுப்புவரை போகும். சாமி விளக்கு, கொசுவர்த்திகூடப் பக்கத்தில் வேண்டாம். எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

பூசியபின் ஒரு மாதம் வண்டியை முரட்டுத்தனமாகக் கழுவ வேண்டாம். அதற்குப் பிறகும் மெழுகு, பாலிஷ் எதுவும் கூடாது. மெல்லிய துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். மிச்சச் சாயத்தை இறுக மூடி வையுங்கள். பின்னால் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொடாமல், அந்தத் தகடு முழுவதற்கும் பூசுங்கள். லேண்ட் ரோவரின் தகடுகள் போல்ட்டில் நிற்பவை, கழற்றிப் பூசுவது சிரமமில்லை. வண்டியின் நிறத்தையே மாற்றிவிட்டீர்கள் என்றால், பதிவில் ஏதும் செய்ய வேண்டுமா என்று ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.