பலாச் சுமையும் என்ஜின் ஆயிலும்

நெய்வேலியைச் சுற்றியுள்ள செம்மண் தோப்புகளில் பலா பழுக்கும் பருவமும் கத்திரி வெயிலும் ஒன்றாகவே வரும். பண்ருட்டி மண்டிக்குப் பழம் ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிள் பாதி வழியில் பிஸ்டன் இறுகி நின்றுவிட்டால், பழமும் வீண், பணமும் வீண். சிலிண்டரை ரீபோர் செய்யும் செலவில் பல தடவை ஆயில் மாற்றிவிடலாம்.

இவ்வண்டிகளுக்கு ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் படும் காற்றும், உள்ளே சுழலும் ஆயிலுமே சூட்டைத் தணிக்கின்றன. சுமையோடு மணல் தடத்தில் முதல் கியரில் ஊர்ந்தால் சூடு மிகும், காற்றோ குறையும். 130 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் ஆயில் நீர்த்து, சீக்கிரம் கெட்டும் போகும்.

சுரங்க நீர் பாயும் வயல்களில் ஓட்டுவோர், தகடுகளின் இடுக்கில் அப்பிய சேற்றை அன்றே கழுவுவது நல்லது. ஆனால் என்ஜின் ஆறிய பிறகே கழுவ வேண்டும். கொதிக்கும் சிலிண்டரில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடக்கூடும். முன்கம்பியில் சாக்கைக் கட்டித் தொங்கவிடுவதும் கூடாது, காற்றை மறைக்கும்.

100 சி.சி. வண்டிகளில் மொத்த ஆயிலே ஏறத்தாழ 1 லிட்டர்தான். கால் லிட்டர் குறைந்தாலும் மீதி ஆயில் அத்தனை சூட்டையும் சுமக்க வேண்டும். ஆகவே வாரம் ஒருமுறை, என்ஜினை அணைத்துச் சில நிமிஷம் கழித்து, வண்டியை நேராக நிறுத்தி அளவு பார்க்கவும்.

வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் உகந்தது என்று 20டபிள்யூ-50 ஊற்றுவோர் உண்டு. இரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய புல்லட்டுக்கு அது சரி. 10டபிள்யூ-30 கேட்கும் சிறு வண்டிக்கு அது ஒவ்வாது.

மணல் தடம் முடிந்து தார் ரோடு ஏறியதும் சற்று தூரம் மிதமான வேகத்தில் ஓட்டினால், காற்றோட்டத்தில் ஆயில் தானே ஆறும்.