வீட்டுச் சேமிப்பு வழங்கி: வன்தட்டு, பிணையக் கோளாறுகளைக் கண்டறிதல்

வீட்டுச் சேமிப்பு வழங்கி என்பது ஒரு வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ உள்ள கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான கோப்புக் கிடங்காகப் பிணையத்தின் வழியே இயங்கும் ஒரு கணினி ஆகும். பேச்சுவழக்கில் இதை நாஸ் என்கிறார்கள். சைனாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்கள் இதைத் தனிப் பெட்டியாக விற்கின்றன. பழைய கணினி ஒன்றில் ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட் போன்ற கட்டற்ற மென்பொருளை நிறுவியும் அமைத்துக்கொள்ளலாம். இன்று ட்ரூநாஸ் என்று வழங்குவது 2005இல் ஃப்ரீநாஸ் என்ற பெயரில் தொடங்கியது.

திருமணப் படங்கள், பத்திரங்களின் நகல்கள், ஸ்டுடியோக்காரரின் பத்தாண்டு உழைப்பு, கோவில் ஏடுகளின் படிமங்கள் என்று திரும்பக் கிடைக்காதவையே பெரும்பாலும் இந்தப் பெட்டிக்குள் போகின்றன. ஆனால் அது பழுதாகும்போது வெளியே தெரியும் அறிகுறிகள் மிகச் சில. கோப்புறை திறக்காது, திறந்தாலும் ஊர்ந்து போகும், பாதி நகலில் அறுந்துவிடும். வன்தட்டு உயிர்விடும் நிலையில் இருந்தாலும் இதுதான் தெரியும்; பரணில் ஓடும் கேபிளை எலி கடித்திருந்தாலும் இதேதான் தெரியும். முதலாவதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இரண்டாவதில் கேபிளை மாற்றினால் தீர்ந்தது. எது என்று தெரியாமல் கைவைப்பதே ஆபத்து.

கைவைப்பதன் ஆபத்துக்கு நன்கு பதிவான சான்று ஒன்று உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில், இரண்டாம் வழங்கியில் ஏற்பட்ட சிக்கலைச் சரிசெய்யப் போன பொறியாளர் அதன் தரவை அழிப்பதாக நினைத்து முதன்மை வழங்கியின் தரவை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியது. தினசரிக் காப்பு நகலைத் தேடினால் அது வெகு நாட்களாகவே எடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. அதைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு பிரதி இருந்ததால் மீண்டார்கள். வன்தட்டு எதுவும் அங்கே பழுதாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிரித்தறியும் இரு சோதனைகள்

கோப்பு ஒன்று நம் திரைக்கு வர வன்தட்டையும் பிணையத்தையும் கடக்க வேண்டும். ஆகவே ஒன்றை விலக்கிவிட்டு மற்றதை மட்டும் அளக்க வேண்டும்.

வன்தட்டை விலக்கிப் பிணையத்தை மட்டும் அளக்க ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவி உள்ளது. இதை வழங்கியிலும் கணினியிலும் இயக்கினால் ஒன்றின் நினைவகத்திலிருந்து மற்றதன் நினைவகத்துக்கு வெறும் எண்களை அனுப்பி வேகம் பார்க்கும். வன்தட்டைத் தொடவே தொடாது. கிகாபிட் பிணையத்தில் நொடிக்கு 930, 940 மெகாபிட் காட்டினால் பிணையத்தில் குறையில்லை.

பிணையத்தை விலக்கி வன்தட்டை மட்டும் பார்க்க, வழங்கியின் நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து அதற்குள்ளேயே ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பார்க்கலாம். அங்கேயும் திணறினால் கேபிளையும் ரூட்டரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் வன்தட்டின் மீது ஏற்கெனவே ஐயம் இருந்தால், அதில் எழுதும் இந்தச் சோதனையைத் தவிர்த்து நேரே கீழே சொல்லும் ஸ்மார்ட் பதிவைப் பார்ப்பதே நல்லது.

சோதிக்கும்போது ஒரே பெரிய கோப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். பத்தாயிரம் சிறு படங்களை நகலெடுத்தால் நலமான வழங்கியும் நத்தையாகத்தான் போகும். ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடும் வேலைக்கே நேரம் போய்விடும். அது கோளாறு அல்ல.

பிணையக் கோளாறுகள்

நகலெடுக்கும் வேகம் நொடிக்கு 11 மெகாபைட் அருகே அசையாமல் நின்றால், அந்த எண்ணே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறது. கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 மெகாபைட் வரை கிடைக்க வேண்டும். 11 என்பது 100 மெகாபிட் இணைப்பின் உச்சம். பிணையக் கேபிளுக்குள் நான்கு இணைக் கம்பிகள் உள்ளன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலோ முனையில் சரியாகப் பதியாவிட்டாலோ, சுவிட்சும் வழங்கியும் தமக்குள் பேசி 100க்கு இறங்கிக்கொள்ளும். எல்லாம் வேலை செய்வது போலவே இருக்கும். பத்தில் ஒரு பங்கு வேகத்தில். பழைய ரூட்டர்களில் துளைகளே 100 மெகாபிட்டாக இருப்பதும் உண்டு என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும். கேபிள் வாங்கும்போது முழுத் தாமிரமா என்று கேட்டு வாங்குவது நல்லது. அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய மலிவுக் கேபிள் நீண்ட தூரத்துக்கு ஆகாது, வளைத்தால் உடையும்.

வழங்கி காணவே இல்லை என்றால், முதலில் அதன் ஐபி எண்ணுக்கு பிங் கட்டளை கொடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணால் பதில் வந்து பெயரால் வரவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் ஏற்பாட்டில்தான் சிக்கல், வன்தட்டுகள் நலம். எண்ணாலும் பதில் இல்லை என்றால், மின்தடைக்குப் பின் ரூட்டர் வேறு எண்ணைக் கொடுத்திருக்கக்கூடும். ரூட்டரின் பக்கத்தில் எந்தக் கருவிக்கு எந்த எண் என்ற பட்டியல் இருக்கும். அங்கேயே இந்த வழங்கிக்கு இன்ன எண் என்று ஒதுக்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை மீண்டும் வராது. 169.254 என்று தொடங்கும் எண் வழங்கிக்கு இருந்தால், ரூட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் அது தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள்.

சற்று நேரம் வேலை செய்து, சற்று நேரம் மறைந்து, மீண்டும் வந்தால் ஒரே எண்ணை இரண்டு கருவிகள் வைத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சோதனை எளிது: வழங்கியின் கேபிளைக் கழற்றிவிட்டு அதே எண்ணுக்கு பிங் செய்ய வேண்டும். அப்போதும் பதில் வந்தால், பதில் சொல்வது யாரோ இன்னொருவர். கண்காணிப்புக் கேமராக்களில் நிறுவுபவர் நிலையான எண் கொடுத்துவிட்டுப் போவதால் இது நேர்வதுண்டு.

நேற்றுவரை திறந்தது விண்டோஸைப் புதுப்பித்ததும் திறக்கவில்லை என்பது வேறு வகை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல், எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையின் ஓட்டை வழியாக உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் அந்த முறை இல்லாமலே வருகிறது. அதை மட்டுமே அறிந்த பழைய வழங்கிகள் அத்தகைய கணினிகளின் கண்ணில் படாமல் போயின. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 புரோ பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை மறுக்கிறது. எஸ்எம்பி1ஐ மீண்டும் இயக்குங்கள் என்று சொல்லும் யூடியூப் காணொளிகளை நம்பக் கூடாது. வழங்கியின் மென்பொருளைப் புதுப்பித்து, பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட கணக்கு ஒன்றை அமைப்பதே முறை.

வன்தட்டின் பேச்சு

ஒவ்வொரு வன்தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. இந்தப் பதிவுக்கு ஸ்மார்ட் என்று பெயர். வழங்கியின் நிர்வாகப் பக்கத்தில் இதைப் பார்க்கலாம். நீண்ட பட்டியலைக் கண்டு மலைக்க வேண்டாம். நான்கு வரிகள் போதும். 5ஆம் வரி, கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197ஆம் வரி, படிக்க முடியாமல் முடிவு நிலுவையில் உள்ள பகுதிகள். 198, தட்டு தன்னைத்தானே சோதித்தபோது சரிசெய்ய முடியாதவை. இம்மூன்றும் சுழியாக இருக்க வேண்டும். 199ஆம் வரி வேறு சாதி: தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே செல்லும் வழியில் சிதைந்த தரவின் எண்ணிக்கை. இது ஏறினால் தட்டைத் தூக்கி எறிய வேண்டாம். உள்ளே இருக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். கேபிளை மாற்றியபின்னும் பழைய எண் அப்படியே நிற்கும், குறையாது. மேலும் ஏறுகிறதா என்பதே கேள்வி.

மூல மதிப்பு என்ற கட்டத்தில் உள்ள எண்ணைத்தான் படிக்க வேண்டும். சில நிறுவனத் தட்டுகளில் 1ஆம், 7ஆம் வரிகளில் கோடிக்கணக்கில் எண் தெரியும்; அது அவர்கள் எண்ணைக் குறித்துவைக்கும் முறை, பிழைகளின் எண்ணிக்கை அல்ல.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? கூகுள் நிறுவனத்தார் தங்களிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய தட்டு, பிழையில்லாத தட்டைவிட அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். மறுபக்கமும் அதே உரையில் உள்ளது: செயலிழந்த தட்டுகளில் பாதிக்கும் மேல், முக்கியமான நான்கு அளவுகளில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே போயின. எண் கெட்டால் நம்ப வேண்டும். எண் நன்றாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கக் கூடாது.

டிக், டிக் என்று சீராக ஓசை வந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் கொடுப்பதா வேண்டாமா என்று நிதானமாக முடிவு செய்யலாம்.

ஒரு தட்டு போனபின்

பல தட்டுகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு நிற்குமாறு அமைப்பது ரெய்டு. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் வெளியிட்ட கட்டுரை இந்தப் பெயரை நிலைநிறுத்தியது. ஒரு தட்டு விழுந்ததும் திரையில் டிகிரேடட் என்று வரும். தரவு இன்னும் இருக்கிறது, ஆனால் ஒற்றைக் காலில் நிற்கிறது என்று இதற்குப் பொருள்.

இந்த நிலையில் முதல் வேலை புதுத் தட்டு வாங்குவது அல்ல. முக்கியமான கோப்புகளின் நகல் வேறிடத்தில் இல்லையென்றால், அதை எடுப்பதே முதல் வேலை. புதுத் தட்டைப் போட்டதும் நடக்கும் மறுகட்டுமானம், எஞ்சிய தட்டுகளை முனையிலிருந்து முனைவரை பல மணி நேரம் படிக்கும். அவையும் ஒரே நாளில் வாங்கி ஒரே அளவு ஓடியவை என்றால், அடுத்தது விழ அதுதான் தருணம்.

அடுத்து, எந்தத் தட்டைக் கழற்றுவது? இரண்டாவது பெட்டியில் உள்ளது என்ற ஊகம் போதாது. திரையில் காட்டும் வரிசை எண்ணும் தட்டின் ஒட்டுத்தாளில் அச்சான வரிசை எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நல்ல தட்டை உருவினால் ஒற்றைக் காலும் போய்விடும். பெட்டியை அமைக்கும் நாளிலேயே எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைத் தாளில் எழுதி முகப்பில் ஒட்டிவிடுவது ஐந்து நிமிட வேலை. வேறு தட்டு போட்டதும் இனிஷியலைஸ், ஃபார்மேட் என்று திரை கேட்டால் நிறுத்திவிட வேண்டும். மறுகட்டுமானத்துக்கு ரிப்பேர் அல்லது ரீப்ளேஸ் என்றே பெயர் இருக்கும்.

புதுத் தட்டின் வகையையும் பார்க்க வேண்டும். எஸ்எம்ஆர் வகைத் தட்டுகள் தடங்களை ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து எழுதுபவை. தொடர்ந்து எழுதும்போது மிகவும் வேகம் குறையும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நாஸுக்கென விற்ற ரெட் வரிசையில் சில தட்டுகள் இவ்வகை என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. மறுகட்டுமானத்தின்போது அவை பதில் சொல்லத் தாமதித்ததால், கெட்டுவிட்டதாகக் கருதி வழங்கிகள் அவற்றைத் தள்ளிவைத்தன. பிறகு அந்த நிறுவனம் பட்டியலை வெளியிட்டு, சிஎம்ஆர் வகையை ரெட் பிளஸ் என்று பிரித்தது. வாங்கும்முன் மாதிரி எண்ணைக் கொண்டு சிஎம்ஆர் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மின்சாரம்

பொம்மிடி போன்ற ஊர்களில் சித்திரை, வைகாசியில் இடியும் காற்றும் வந்தால் மின்சாரம் போய்ப் போய் வரும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுவதால் கோப்பு முறைமை குலையலாம். யுபிஎஸ் வாங்கினால் மட்டும் போதாது. அதன் யுஎஸ்பி கம்பியை வழங்கியில் செருகி, மின்கலம் தீரும்முன் தானாக அணையுமாறு அமைக்க வேண்டும். அந்தக் கம்பி பலர் வீட்டில் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. ரூட்டரையும் சுவிட்சையும் அதே யுபிஎஸ்ஸில் இணைத்தால், மின்தடைக்குப் பின் வழங்கியைக் காணோம் என்ற புகாரும் குறையும். இடி நேரத்தில் வெளியிலிருந்து வரும் செம்புக் கேபிள் வழியாகவும் மின்வீச்சு உள்ளே வரும் என்பதால் அதையும் கழற்றிவைப்பது நல்லது.

வெப்பத்தைப் பற்றி அளவுக்கு மீறி அஞ்ச வேண்டியதில்லை. மேற்சொன்ன கூகுள் ஆய்வில் மிதமான வெப்பத்துக்கும் செயலிழப்புக்கும் வலுவான தொடர்பு காணப்படவில்லை. ஆனாலும் மூடிய அலமாரியில், தூசி படிந்த விசிறியோடு 50 பாகையைத் தாண்ட விடக் கூடாது.

ரெய்டு காப்பு நகல் அல்ல

தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு எல்லாத் தட்டுகளிலும் விசுவாசமாக அழிக்கும். 2021 ஜூனில், இணையத்தோடு இணைத்திருந்த மை புக் லைவ் என்ற வீட்டுச் சேமிப்புக் கருவிகள் பலவற்றின் தரவு ஒரே நாளில் தொலைவிலிருந்து அழிக்கப்பட்டது. 2015க்குப் பின் அவற்றுக்கு மென்பொருள் திருத்தம் வரவில்லை. ரூட்டரில் வழி திறந்து வழங்கியை நேரே இணையத்துக்குக் காட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

நகலில் ஒன்றாவது வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தளங்களில் நீர் புகுந்தபோது, மேசைக்கு அடியிலிருந்த கணினியும் அதற்குப் பக்கத்திலிருந்த நகலும் ஒன்றாகத்தான் மூழ்கியிருக்கும். யுஎஸ்பி வன்தட்டு ஒன்றில் மாதம் ஒருமுறை நகலெடுத்து உறவினர் வீட்டில் வைப்பது போதும். சேலத்திலோ தருமபுரியிலோ யாராவது இருப்பார்கள். அதைக் கொண்டுபோகும்முன் வேறொரு கணினியில் செருகி, ஏதாவது பத்துக் கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். எச்சரிக்கை மின்னஞ்சலுக்கும் இதே விதி: நிர்வாகப் பக்கத்தில் சோதனை மடல் அனுப்பும் பொத்தான் இருக்கும், அதை அழுத்தி, மடல் உண்மையில் வந்ததா என்று பார்க்க வேண்டும்.