ஐப்பசி வெங்காயம் ஏன் அழுகுகிறது?

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்ததும் மளிகைக்கடை நண்பர்கள் நம்மிடம் கேட்பது ஒன்றுதான். "போன வாரம் ஒரு விலை, இந்த வாரம் ஒரு விலை. மண்டியில் சின்ன வெங்காயத்தைப் பதுக்குகிறீர்களா?" பதுக்கி வைக்கக்கூடிய சரக்கா அது என்பது காட்டுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நமக்குச் சரக்கு வருவது பெரும்பாலும் பெரம்பலூர், செட்டிகுளம் பக்கத்திலிருந்து. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களே அதிகம். ஆடியில் ஊன்றிய காய் 65 முதல் 75 நாட்களில் பிடுங்கத் தயாராகும். தாள் மஞ்சளாகிச் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு, மண் காய்ந்த பிறகு பிடுங்குவார்கள். பிடுங்கிய காயை அதன் தாளாலேயே மூடி இரண்டு மூன்று நாள் காட்டில் உலர்த்த வேண்டும். அப்போதுதான் கழுத்து இறுகி, மேல்தோல் நிறம் ஏறும். வீட்டுப் பெண்களும் கூலியாட்களும் உட்கார்ந்து தாள் அரிவது அதற்குப் பிறகு.

இந்த இரண்டு மூன்று நாள்தான் கண்டம். அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. மழைக்கு முந்திப் பிடுங்கினால் காய் திரளாது. பிந்தினால் மண்ணிலேயே அழுகும். எனவே மேகத்தைப் பார்த்துக்கொண்டே பிடுங்கி, உலர்த்தாமல் மூட்டை பிடித்து அனுப்புகிறார்கள். நாம் ஈரச் சரக்கு என்று சொல்வது இதைத்தான்.

அப்படியானால் பழைய காய் எங்கே போகிறது? தரையில் கல் அடுக்கி, குச்சி பரப்பி, சுற்றிலும் படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்த பட்டறையில் காற்றோட்டமாகக் கிடந்த காய் சில மாதம் கெடாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை நடவுக்கு விதையும் அதுதான். பிடுங்கிய உடனே காய் முளைக்காது. கொஞ்ச காலம் கிடந்தால்தான் முளைப்பு வரும். ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதைக்காய் வேண்டும். ஆக, நம் கடைக்கு வரவேண்டிய காய்ந்த சரக்கு காட்டுக்கே திரும்பிப் போகிறது. அதே சமயத்தில் தீபாவளி. விலை ஏறாமல் என்ன செய்யும்?

பல வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிச் சமயம் நாமும் ஏமாந்தோம். 40 மூட்டை ஈரச் சரக்கை விலை மலிவு என்று எடுத்து, இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். மூன்றாம் நாள் நடு மூட்டைகளில் கை வைத்தால் சுட்டது. நாலாம் நாள் அடியில் தண்ணீர் ஒழுகியது. பாதிக்குமேல் குப்பைக்குப் போயிற்று. கோபத்தில் விவசாயிக்குக் கொடுக்க வேண்டியதில் பாதியைப் பிடித்துக்கொண்டோம். அவர் அந்தப் பணத்தில்தான் கார்த்திகைக்கு விதைக்காய் வாங்க இருந்தார் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பட்டத்தில் அவர் காடு சும்மா கிடந்தது. மழையில் பிடுங்கியது அவர் குற்றமல்ல. அடுக்கியது நம் குற்றம். பாக்கியைத் தை மாதம் கொடுத்தோம். நடவுக் காலம் அதற்குள் போய்விட்டது.

ஆகவே ஐப்பசியில் சரக்கு எடுக்கும்போது மேல்வாய்க் காயை மட்டும் பார்க்காதீர்கள். மூட்டையின் நடுவில் கை விட்டுப் பாருங்கள். கழுத்தை விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. புளிச்ச வாடை அடித்தால் தொடவே வேண்டாம். ஈரச் சரக்குதான் கிடைக்கிறதென்றால் இரண்டு மூன்று நாள் விற்பனைக்கு மட்டும் எடுத்து, கடைக்குப் போனதும் சாக்கைப் பிரித்துக் காற்றுப் படும்படி மெல்லியதாகப் பரப்புங்கள். அழுகினதை அன்றன்று பொறுக்கிவிட வேண்டும். உலர உலர எடை குறையும். அதைக் கணக்கில் சேர்த்தே விலை வையுங்கள். பட்டறைக் காய் கேட்கும் வாடிக்கையாளருக்கு இரண்டையும் கலந்து கொடுக்காமல் தனித்தனியாக வைத்து, தனி விலை சொல்லலாம். நம் மண்டியிலும் இப்போது இரண்டு ரகத்தையும் தனித்தனி அட்டியாகத்தான் போடுகிறோம்.